‘எங்களுக்குப் பிடித்ததைப் போடுவோம்’: நியூயார்க் 101.1இல் ஜாக் இருந்த இரண்டு வருடங்கள்

2005 ஜூன் 3, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் 101.1 அலைவரிசையில் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. 1972 ஜூலையிலிருந்து ஓல்டீஸ், அதாவது பழைய ஹிட் பாடல்கள், போட்டுவந்த நிலையம் அது. அன்று திடீரென்று ‘ஜாக் எஃப்எம்’ ஆகிவிட்டது. பல வருடங்களாகக் கேட்டுப் பழகிய அறிவிப்பாளர்கள் விடைபெறக்கூட வாய்ப்பில்லாமல் காணாமல் போனார்கள். அவர்கள் இடத்தில் பதிவு செய்யப்பட்ட ஒரே ஒரு ஆண் குரல், கொஞ்சம் நக்கலாக, எங்களுக்குப் பிடித்ததைப் போடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிலையத்தின் சொந்தக்காரரான இன்ஃபினிட்டி நிறுவனம் (பின்னாளில் சிபிஎஸ் ரேடியோ) அதே நாளில் சிகாகோவிலும் தன் ஓல்டீஸ் நிலையத்தை ஜாக் ஆக்கியது.

இரண்டு வருடம் கழித்து, 2007 ஜூலை 12 அன்று, நியூயார்க்கில் ஜாக்கை எடுத்துவிட்டுப் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வணிக வானொலியில் ஃபார்மேட், அதாவது நிலையம் எந்த வகைப் பாட்டை எப்படிப் போடும் என்ற அமைப்பு, மாறுவது செய்தியே கிடையாது, வருடம் முழுக்க எங்காவது ஒரு நிலையம் மாறிக்கொண்டேதான் இருக்கும். இந்த ஒன்றை எடுத்துப் பேசக் காரணம், இதில் இரு தரப்பும் தங்களைத்தான் ஃபார்முலாவுக்கு எதிரானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தன. ஒரே முந்நூறு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடும் வானொலிக்கு நாங்கள்தான் மாற்று என்றது ஜாக். எங்கள் நிலையத்தின் உயிரை எடுத்துவிட்டு ஒரு இயந்திரத்தை வைத்துவிட்டார்கள் என்றார்கள் பழைய நேயர்கள். என் கணக்கில் நேயர்கள் சொன்னதுதான் சரி, ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல.

ஜாக் என்பது என்ன

கனடாவில் 2002இல் தொடங்கிய அலை அது. வான்கூவரில் ஒரு நிலையம் ஜாக் என்று பெயர் மாற்றிக்கொண்டு அறுபதுகள் முதல் அன்றைய நாள் வரையிலான ஹிட்டுகளைக் கலந்து போட ஆரம்பித்தது. வின்னிபெக்கில் ‘பாப்’ என்ற பெயரில் ஏறக்குறைய இதே சரக்கு அதற்குச் சில மாதம் முன்பே வந்திருந்தது. பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், டிஸ்கோவை அடுத்து ஹெவி மெட்டல், அதை அடுத்து எண்பதுகளின் சிந்தசைசர் பாப். இரண்டு பாடல்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் மோதுவதை வானொலிக்காரர்கள் ‘டிரெயின் ரெக்’ என்பார்கள், நிகழ்ச்சி இயக்குநர்கள் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்கப் பார்க்கும் விஷயம் அது. ஜாக் அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. நேயர் விருப்பம் கிடையாது, பல ஊர்களில் அறிவிப்பாளரும் கிடையாது.

காலமும் தோதாக அமைந்தது. 2005 ஜனவரியில்தான் ஆப்பிள் ‘ஐபாட் ஷஃபிள்’ விட்டிருந்தது, திரையே இல்லாத பெட்டி, அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாததையே விற்பனைப் பொருளாக்கிய சாதனம். அதைக் கண்டு வானொலி முதலாளிகளுக்கு நடுக்கம். சரி, நாமே ஷஃபிள் ஆகிவிடுவோம் என்று முடிவுசெய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஜாக் என்பது உரிமக் கட்டணம் கொடுத்து வாங்கும் ஒரு பெயர். ஊருக்கு ஊர் அதே லோகோ, அதே வாசகம், அதே தொனி. ‘எங்களுக்குப் பிடித்ததை’ என்பதில் அந்த ‘எங்களுக்கு’ யாரைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் ஸ்டுடியோவில் ஆளே இல்லை. அந்தத் தாறுமாறும் தானாக விழுவதல்ல. பாட்டு வரிசையைப் போடுவது மென்பொருள். எந்தப் பத்தாண்டின் பாட்டுக்குப் பின் எந்தப் பத்தாண்டு வரலாம், எந்த வகை எத்தனை பாட்டுக்கு ஒருமுறை வர வேண்டும், ஒரு பாட்டு எத்தனை நாள் கழித்துத் திரும்பலாம், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. டிரெயின் ரெக்கும் அட்டவணை போட்டுத்தான் நடக்கிறது. ‘செலக்டர்’ என்ற மென்பொருள் 1979இலேயே வந்துவிட்டது, வணிக வானொலியில் ஒரு பாட்டு யாருக்கோ தோன்றியதால் ஒலிப்பது அதற்குப் பின் அபூர்வமாகிவிட்டது.

ஏன் மாற்றினார்கள்

பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் அது சோம்பேறித்தனமான பதில். அமெரிக்க வானொலியில் தேசிய அளவிலான விளம்பரப் பணம் பெரும்பாலும் 25 முதல் 54 வயது வரையிலான நேயர்களைக் குறிவைத்துத்தான் வருகிறது. 55ஐத் தாண்டியவர் எத்தனை மணி நேரம் கேட்டாலும் விளம்பர ஏஜென்சியின் கணக்கில் ஏறக்குறைய இல்லாதவர். ஓல்டீஸ் நிலையத்துக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது: பாடல்களை மாற்றாவிட்டால் நேயர்கள் வயதாகி அந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள், மாற்றினால் இருக்கும் நேயர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் 2005க்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஐம்பதுகளின் பாடல்கள் குறைந்தன. டான் கே. ரீட் 1975 முதல் ஞாயிறு இரவுகளில் நடத்திவந்த டூ-வாப் (ஐம்பதுகளின் குழுக் குரலிசைப் பாடல்கள்) நிகழ்ச்சி 2002இல் நின்றது. மைக்ரோஃபோன் முன் ஒரு ஆள் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரு சின்ன உலகத்தைத் தன் ரசனைப்படி வாரந்தோறும் திறந்து காட்டிய நிகழ்ச்சி அது. ஜாக் வந்த நாளில்தான் எல்லாம் போனது என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று நிறுவனப் பின்னணி. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது, பெரிய நகரம் ஒன்றில் எட்டு வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. நூற்றுக்கணக்கான நிலையங்களைக் கையில் வைத்திருப்பவருக்கு நியூயார்க்கில் ஒரு முடிவும் சிகாகோவில் வேறொரு முடிவும் எடுப்பது வீண் வேலையாகத் தோன்றும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதிலேயே அது தெரிகிறது. நிகழ்ச்சி இயக்குநர் என்ற பதவி இருந்தது, இயக்குவது வேறு எங்கோ நடந்தது.

என்ன நடந்தது

கோபம்தான் முதலில். அப்போதைய நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கே, இனி அந்த நிறுவனத்தின் வானொலியைக் கேட்கப்போவதில்லை என்று கெட்ட வார்த்தையோடு சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. ‘கசின் புரூசி’ என்று ஊரே அறிந்த அறிவிப்பாளர் புரூஸ் மாரோ சில வாரங்களிலேயே சிரியஸ் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனார். பழைய ஓல்டீஸை நிறுத்தவில்லை, இணையத்தில் ஓடுகிறது, அங்கே கேளுங்கள் என்றார்கள் நிறுவனத்தார். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், காரிலும் சமையலறையிலும் கேட்டுப் பழகியவர்கள், 2005இல் கணினி முன் உட்கார்ந்து வானொலி கேட்பார்கள் என்று யார் நினைத்தார்களோ!

நேயர் எண்ணிக்கை சரிந்தது. ஜாக் இருந்தவரை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஏன் சரிந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். ஒன்று, நியூயார்க்காரர்கள் ஓல்டீஸ் வெறியர்கள் என்பது. இன்னொன்று, இந்தக் கலவை ஃபார்மேட்டே போலி, எங்கும் எடுபடாது என்பது. இரண்டாவது வெறும் பேச்சு. லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நிறுவனம் அதே 2005இன் மார்ச்சில் 93.1ஐ ஜாக் ஆக்கியது. அது நன்றாக ஓடியது, வருடக் கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. டல்லஸிலும் பிழைத்துக்கொண்டது. சிகாகோவில் 2011இல் முடிந்தது. அதே பெயர், அதே நக்கல் குரல், அதே அணுகுமுறை. விளைவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. அப்படியானால் ஜாக் என்ன கொண்டுவந்தது என்பதைவிட, எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் அது எடுத்துவிட்டது 1993 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கிளாசிக் ராக் நிலையத்தை. பாட்டுத்தான் அதன் சரக்கு, ஒரு பாட்டுப் பெட்டிக்குப் பதில் இன்னொரு பெரிய பாட்டுப் பெட்டி வந்தது, கேட்டவர்களுக்கு லாபம்தான். நியூயார்க்கில் எடுத்துவிட்டது மனிதர்களை.

அந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தவர்கள்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பெரும்பாலான அலசல்கள் இதைத் தொடுவதே இல்லை.

டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம்மின் பெயர்பெற்ற குரல்களில் பலரும், டான் இங்கிராம், ஹாரி ஹாரிசன், ரான் லண்டி, புரூஸ் மாரோ, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நியூயார்க்கின் ‘77 டபிள்யூஏபிசி’ என்ற ஏஎம் நிலையத்தில் இருந்தவர்கள். அந்த டபிள்யூஏபிசிதான் அமெரிக்காவிலேயே மிக இறுக்கமான ‘டாப் 40’ (அன்றைய முன்னணி ஹிட்டுகளை மட்டும் சுழற்றிப் போடும்) நிலையங்களில் ஒன்று. நிகழ்ச்சி இயக்குநர் ரிக் ஸ்க்லார் பாட்டுப் பட்டியலை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார், முதலிடப் பாடல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அறிவிப்பாளருக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. இன்றைக்கு வானொலியைத் திட்டுபவர்கள் சொல்லும் ஒவ்வொரு குற்றமும், சின்னப் பட்டியல், ஜிங்கிள், கடிகாரம் வைத்துப் பிரித்த மணி நேரம், அங்கே அப்போதே இருந்தது.

ஆனாலும் அதே நிலையத்தில்தான் டான் இங்கிராம் உருவானார். பாட்டின் முன்னிசை ஓடும் அந்தப் பத்துப் பதினைந்து நொடிக்குள் ஒரு கிண்டலைப் போட்டு, பாடகர் வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில் சரியாக நிறுத்துவார். விளம்பரதாரரின் விளம்பரத்தையே கேலி செய்வார், விளம்பரதாரர்களும் அதற்காகவே அவரிடம் கொடுப்பார்கள். பாட்டு ஃபார்முலாப்படி, பேச்சு அவருடையது. ஃபார்முலா ஒரு இடத்தை மிச்சம் வைத்தது, அந்த இடத்துக்குள் ஒரு ஆள் தன் முழுத் திறமையையும் இறக்கினார். ஒரே பாட்டு இருபதாவது முறை வந்தாலும் அதற்கு முன்னால் வரும் பத்து நொடி முதல் முறைதான்.

இதே காலத்தில் மறுபுறம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏஎம்மில் வருவதையே எஃப்எம்மிலும் அப்படியே போடுவதற்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அறுபதுகளில் வரம்பு விதித்தது. எஃப்எம் முதலாளிகளுக்கு வேறு ஏதாவது போட்டாக வேண்டிய கட்டாயம். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் டோனஹ்யூ கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில் கட்டற்ற வானொலியை ஆரம்பித்தார், அவருடைய அறிவிப்பாளர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தாங்களே எடுத்துப் போட்டார்கள். அந்த ‘பிடித்ததைப் போடுவோம்’ நிஜமானது, போட்டவர் பெயர் கேட்டவருக்குத் தெரியும். டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம்மே ஓல்டீஸுக்கு மாறுவதற்கு முன் சில வருடம் ராக் பாடல்களை அந்தப் பாணியில் போட்டுப் பார்த்திருக்கிறது. எழுபதுகளில் லீ ஆப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் அந்தச் சுதந்திரத்திலிருந்து எடுபட்ட பாடல்களை மட்டும் பொறுக்கி, ஆய்வு செய்து, பட்டியலாக்கி, பல நகர நிலையங்களுக்கு விற்றார்கள். புதுமையாக ஒன்று வந்து ஜெயித்தால் ஐந்தாறு வருடத்தில் அது விற்பனைக்கு வரும் ஃபார்முலா ஆகிவிடுகிறது. வணிக வானொலியின் வரலாற்றில் இதற்கு விலக்கு எனக்குத் தெரிந்து இல்லை, ஜாக்கும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, டபிள்யூஏபிசியில் பட்டியல் மூடியிருந்தது, மனிதர் திறந்திருந்தார். கேஎம்பிஎக்ஸில் இரண்டும் திறந்திருந்தன. ஜாக்கில் பட்டியலைத் திறந்துவிட்டு மனிதரை மூடினார்கள். பாட்டு எத்தனை என்று எண்ணி அதையே தனித்தன்மைக்கு அளவாக வைத்துக்கொண்டதுதான் கோளாறு. ஆயிரத்து இருநூறு பாட்டு வைத்திருக்கும் இயந்திரம், நாற்பது பாட்டு வைத்திருக்கும் டான் இங்கிராமைவிடச் சீக்கிரம் சலித்துப்போகும். ஏனென்றால் இயந்திரம் அடுத்து என்ன செய்யும் என்று ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்: எதிர்பாராத ஒன்றைச் செய்யும், ஒவ்வொரு முறையும்.

அளப்பதில் இருந்த கோணல்

நேயர் எண்ணிக்கையை அப்போது எப்படி எடுத்தார்கள் என்பதும் இங்கே முக்கியம். ஆர்பிட்ரான் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு நாட்குறிப்பு ஒன்றை அனுப்பும். ஒரு வாரம், எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று நீங்களே எழுதி அனுப்ப வேண்டும். கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கால் மணி நேரம் முழுக்க நிலையத்தின் கணக்கில் சேரும். (விளம்பரங்கள் ஏன் எல்லா நிலையத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன என்று எரிச்சல்பட்டவர்களுக்கு விடை பெரிய அளவுக்கு இதில் இருக்கிறது. கால் மணி நேரங்களின் எல்லையில் பாட்டு ஓட வேண்டும், நேயர் இந்தப் பக்கம் ஐந்து நிமிடமும் அந்தப் பக்கம் ஐந்து நிமிடமும் இருந்துவிட்டால் இரண்டும் கணக்கில் வரும்.)

நாட்குறிப்பில் மக்கள் எழுதுவது கேட்டதை அல்ல, நினைவில் நின்றதை. பாட்டு எல்லா நிலையத்திலும் வரும், அதனால் அது எந்த நிலையம் என்று நினைவில் ஒட்டாது. ஒட்டுவது பெயர், குரல், காலையில் பேசுகிறவர் சொன்ன ஏதோ ஒன்று. அந்த ஒட்டும் பொருள் அனைத்தையும் ஒரே நாளில் கழற்றி எறிந்துவிட்டு, நினைவைத்தான் அளக்கும் கருவி தங்களுக்குச் சாதகமாக வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

பாட்டு ஆய்விலும் இதே கோணல்தான். நேயரைத் தொலைபேசியில் அழைத்தோ, ஒரு கூடத்தில் நூறு பேரை உட்காரவைத்தோ, ஒவ்வொரு பாட்டிலும் சில நொடிப் பகுதியை மட்டும் போட்டு மதிப்பெண் கேட்பார்கள். பிடிக்குமா, பிடிக்காதா, கேட்டுச் சலித்துவிட்டதா. ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்குத்தான் இதில் மதிப்பெண் விழும், தெரியாத பாட்டின் ஏழு நொடியைக் கேட்டு யார் என்ன சொல்ல முடியும்? இந்தத் தேர்வில் ஜெயிக்கும் பாட்டு யாரையும் விரட்டாத பாட்டு. அறிவிப்பாளரை இப்படி ஏழு நொடி வெட்டிப் போட்டுக் காட்டவும் முடியாது, மதிப்பெண் கொடுக்கவும் முடியாது. அளக்க முடியாத செலவு பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படும், வெட்டுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: மனிதர் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சுத்தம் என்பதும் கட்டுக்கதை. ஜாக் நியூயார்க்குக்கு வந்த அதே கோடையில், 2005 ஜூலையில், நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சரின் விசாரணையில் சோனி பிஎம்ஜி 1 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. குற்றச்சாட்டு, பாட்டுப் போடுவதற்காக வானொலிக்காரர்களுக்குப் பணமும் பரிசுகளும் கொடுத்தது. மென்பொருளுக்கு உல்லாசப் பயணம் தேவைப்படுவதில்லை என்று ஜாக் தரப்பில் யாராவது சொல்லியிருந்தால் மறுக்க முடியாது.

திரும்பி வந்தது எது

2007இல் நிறுவனத்தின் வானொலிப் பிரிவுக்கு டான் மேசன் தலைவராக வந்தார், வந்த சில மாதத்திலேயே இந்த முடிவைத் திருப்பினார். ஜூலை 12, மதியம் 1 மணி 1 நிமிடம், அலைவரிசை எண்ணுக்குப் பொருத்தமாக. பாப் ஷானன் திரும்பினார், டான் டெய்லர் காலை நிகழ்ச்சிக்கு வந்தார், பிராட்வே பில் லீ வந்தார். அதன்பின் வந்த வருடங்களில் நிலையம் நியூயார்க்கின் முன்வரிசைக்கே போனது. இத்தனைக்கும் அதற்குள் நாட்குறிப்பு போய், ஆள் உடம்போடு வைத்துக்கொள்ளும் மின்னணு மீட்டர் வந்துவிட்டது, பேச்சைக் குறைத்தால்தான் மீட்டரில் தேறும் என்று ஆலோசகர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

நேயர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் இதைப் பொதுவாக எழுதுகிறார்கள். பாதிதான் சரி. திரும்பி வந்தது குரல்கள். பாட்டுப் பட்டியல் திரும்பவில்லை: ‘ஓல்டீஸ்’ என்ற சொல்லே ஓரம்கட்டப்பட்டு ‘கிளாசிக் ஹிட்ஸ்’ ஆகியிருந்தது, பெரும்பாலும் 1964 முதல் 1989 வரையிலான பாடல்கள், அந்தக் கோடும் வருடம் செல்லச் செல்ல முன்னால் நகர்ந்தது. 25 முதல் 54 என்ற கணக்கு இங்கேயும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. டூ-வாப் கேட்டு வளர்ந்த தலைமுறைக்காக யாரும் எதையும் மீட்கவில்லை, அவர்களில் பலர் கோபத்தில் கடிதம் எழுதிய முன்வரிசைக்காரர்கள். நடந்தது டபிள்யூஏபிசியின் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பியதுதான்: ஆய்வு செய்து இறுக்கிய பட்டியல், அதற்கு நடுவே பேச விடப்பட்ட ஆட்கள். ஜாக்குக்கு நியூயார்க்கில் ஒரு துணை டிஜிட்டல் அலைவரிசை ஒதுக்கப்பட்டது.